நாலு மணிக்கு அந்தத் தெருவுல யாரு இருக்கா? ஆம்ஸ்டர்டாம் பக்கம் வீடு தேடுற ஏழு நாள்

நாள் 1, சனி, நவம்பர் 8, 2025

ஜனவரியில நாங்க நாலு பேரும் நெதர்லாந்துக்குக் குடி மாறுறோம். அவருக்கு ஆம்ஸ்டர்டாம் ஸௌட் ஸ்டேஷன் பக்கத்துல ஆபீஸ், பாப்பாவுக்கு ஆறு வயசு முடிஞ்சிருச்சு, தம்பிக்கு மார்ச் மாசம் நாலு முடியுது, நான் இங்க வேலைய விட்டுட்டுப் போறேன். வீடு பாக்கக் கம்பெனியில ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க. தினமும் ராத்திரி பசங்க தூங்கினதும் எழுதிப் போடலாம்னு இருக்கேன், ஏன்னா ரெண்டு மாசமா நான் தேடினதுல தமிழ்ல கெடைச்சதெல்லாம் துலிப் தோட்டம், கால்வாய்ல போட் சவாரி இதுதான், சின்னப் பசங்கள வச்சிருக்கவங்க எந்த ஏரியாவுல குடியேறலாம்னு ஒருத்தரும் உக்காந்து எழுதின மாதிரி தெரியல.

பசங்கள அத்தைகிட்ட விட்டுட்டு நீங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வாங்களேன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. நான் ஒத்துக்கல. அங்க நாள் முழுக்க இருக்கப் போறது அவர் இல்ல, நானும் இந்த ரெண்டும்தான், அப்போ அவங்களும் நடந்து பாக்கட்டும். நவம்பர்ல குளிரும் மழையுமா இருக்குமே, ஏப்ரல்ல போகக்கூடாதான்னும் கேட்டாங்க. ஏப்ரல்ல போனா எந்த ஏரியாவும் அழகாத்தான் தெரியும், இருட்டுற காலத்துல எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் எனக்கு நிம்மதி.

மத்தியானம் ஸ்கிபோல்ல எறங்கினோம். அந்த ஏர்போர்ட் இருக்கிற எடம் ஒரு காலத்துல பெரிய ஏரி, மூணு நீராவி பம்ப் ஸ்டேஷன் கட்டி வருஷக்கணக்கா தண்ணிய எறச்சு 1852ல காய வச்சிருக்காங்க, இன்னைக்கும் அந்த நெலம் கடல் மட்டத்துக்கு மூணு நாலு மீட்டர் கீழதான் இருக்கு. அவர் இத பசங்களுக்குச் சொல்லிக்கிட்டு வந்தார், தம்பி கேட்டான், "அப்ப அந்தத் தண்ணியெல்லாம் இப்ப எங்கப்பா இருக்கு?" எல்லாப் பக்கமும் இருக்குடான்னார். டாக்ஸி ஜன்னல் வழியா பாத்தா நெஜமாவே அப்படித்தான், ரோட்டோரம், வீட்டோரம், வயலோரம்னு எங்க பாத்தாலும் வாய்க்கால், எதுக்கும் வேலி இல்ல. எனக்கு அப்பவே வயித்துல ஒரு பயம் புடிச்சிருச்சு.

தங்குறது ஆம்ஸ்டர்டாமுக்குத் தெக்க ஒட்டினாப்பல இருக்கிற ஆம்ஸ்டல்வேன்ங்கிற ஊர்ல, கிச்சனோட ஒரு சின்ன அபார்ட்மென்ட். அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிருச்சு. ரசம் சாதம் வச்சேன், சாப்பிட்டுத் தூங்கிட்டாங்க.

நாள் 2, ஞாயிறு

பசங்க நாலு மணிக்கே முழிச்சுட்டாங்க, ஜெட்லாக். விடியிற வரைக்கும் சமாளிச்சுட்டு ஆம்ஸ்டர்டாம்ஸ போஸ்னு ஒரு காட்டுக்குப் போனோம். பேருதான் காடு, 1930கள்ல வேலையில்லாத ஆளுங்களுக்கு வேலை குடுக்குறதுக்காக வெட்டி நட்டு உருவாக்கினது, கிட்டத்தட்ட ஆயிரம் ஹெக்டேர். உள்ள ஒரு ஆட்டுப் பண்ணை இருக்கு, காசு குடுத்தா பால் பாட்டில் தருவாங்க, பசங்க குட்டிகளுக்குப் புகட்டலாம். தம்பி அந்த எடத்த விட்டு நகர மாட்டேன்னுட்டான். தூத்தல் போட்டுக்கிட்டே இருந்துச்சு, எங்கள தவிர ஒருத்தரும் அதக் கண்டுக்கல, ரெண்டு வயசுக் கொழந்தையெல்லாம் ரெயின் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கிட்டு சேத்துல உக்காந்திருக்கு. நாங்க குடைய விரிச்சோம், ஒரே காத்துல திரும்பிக்கிச்சு. நாளைக்கு மொத வேலையா பசங்களுக்கு மழை உடுப்பு வாங்கணும்.

மதியச் சாப்பாட்டுக்கு வெஸ்ட்வைக்ல இருக்கிற ஒரு அக்கா கூப்பிட்டிருந்தாங்க. என் காலேஜ் ஃப்ரெண்டோட சொந்தக்காரங்க, திருச்சிக்காரங்க, ஆறு வருஷமா இங்க இருக்காங்க. வெஸ்ட்வைக் ஆம்ஸ்டல்வேனோட தெக்குக் கோடி, பெரும்பாலும் 1990கள்ல கட்டின வரிசை வீடுங்க, முன்னாடி ரெண்டு அடி செடி, பின்னாடி கைக்குட்டை மாதிரி ஒரு தோட்டம், சைக்கிள் வைக்க ஒரு குட்டி ஷெட். 25ஆம் நம்பர் டிராம் புடிச்சா சுமாரா இருபது நிமிஷத்துல ஸௌட் ஸ்டேஷன்.

சாம்பார், வாழைக்காய் பொரியல், அப்பளம். சாப்பிட்டுக்கிட்டே அக்கா சொன்னத அப்படியே எழுதுறேன், யாருக்காவது உதவும்.

வீட்டு விளம்பரத்துல மொதல்ல பாக்க வேண்டியது அந்த அட்ரஸ்ல குடும்பத்தையே முனிசிபாலிட்டியில பதிய விடுவாங்களான்னு. பதிஞ்சாத்தான் பிஎஸ்என் நம்பர், அதாவது இங்க ஆளாளுக்குக் குடுக்குற அரசாங்க அடையாள எண், அது இல்லாம பேங்க், இன்ஷூரன்ஸ், சம்பளம்னு எல்லாத்துலயும் மாட்டிக்குவோம். அடுத்து, காலி வீடுன்னு போட்டிருந்தா நம்ம ஊர் காலி வீடு மாதிரி நெனைச்சுடாதீங்க, தரைகூட இருக்காது, வெறும் சிமென்ட்டு, திரைச்சீலை இல்ல, லைட் இல்ல, முன்னாடி இருந்தவங்க தரையப் பேத்து எடுத்துட்டே போயிருப்பாங்க. கெஸ்டோஃபேர்ட்னு போட்டிருந்தா தரையும் திரையும் இருக்கும், சாமான் நம்மளது. அப்புறம் ஹவுஸ்ஆர்ட்ஸ், அதாவது குடும்ப டாக்டர். இங்க நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போக முடியாது, எல்லாத்துக்கும் அவர்தான் வாசல், அவசரம்னா பதினஞ்சு நிமிஷத்துல நோயாளிகிட்ட போய்ச் சேரணும்னு ஒரு கணக்கு இருக்கிறதால பக்கத்துப் பின்கோடு ஆளுங்களத்தான் சேத்துக்குவாங்க. வீடு முடிவு பண்றதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்து டாக்டருங்களுக்கு போன் போட்டு புதுசா ஆள் சேக்குறாங்களான்னு கேட்டுக்கோன்னாங்க.

அவர் லேப்டாப்ப எடுத்து வாடகை, பரப்பளவு, டிராம் தூரம்னு பதினாலு வீடு போட்ட எக்ஸெல் ஷீட்ட காட்டினார். அக்கா பொறுமையா பாத்துட்டுச் சொன்னாங்க, "தம்பி, வீடெல்லாம் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும் இங்க. புடிச்சிருக்கிற ஒவ்வொரு தெருவுலயும் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் பத்து நிமிஷம் நில்லுங்க. யாரு இருக்காங்கன்னு பாருங்க."

பாத்திரம் கழுவுறப்ப எங்கிட்ட தனியா இன்னொண்ணும் சொன்னாங்க. "மொத ரெண்டு வருஷம் நம்ம ஆளுங்களோடவே இருந்துட்டேம்மா. தீபாவளி, கொலு, பொட்லக்னு நல்லாத்தான் போச்சு. ஆனா பையன் கிளாஸ்ல சேத்துக்கிட்ட பசங்களோட அம்மாங்ககிட்ட எனக்குப் பேசத் தெரியல, அவன யாரும் வீட்டுக்கு விளையாடக் கூப்பிடல. அப்புறம்தான் நான் டச்சு கிளாஸ் போனேன். நீ வந்த மொத மாசமே போயிரு." இத அவங்க சொன்னப்ப குரல் கொஞ்சம் மாறிச்சு.

நாள் 3, திங்கள்

இன்னைக்கு டெ பைப். ஆம்ஸ்டர்டாமுக்குள்ளயே, ஆபீஸுக்கு சைக்கிள்ல பத்து பதினஞ்சு நிமிஷம், ஆல்பர்ட் கைப் மார்க்கெட் பக்கத்துல, மீன், காய், துணி எல்லாம் தெருவுலயே. ஃபோட்டோவுல பாத்து அவர் மனசு வச்சிருந்த ஏரியா இதுதான், நானும் உள்ளுக்குள்ள ஆசப்பட்டேன்.

மொத வீடு மூணாவது மாடி. படி ஏறுனவங்களுக்குத்தான் தெரியும், அது ஏணிக்கும் படிக்கும் நடுவுல ஒரு சாமான், ஒரு படியில முழுப் பாதம் வைக்க முடியாது, தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு மறு கையில கயித்தப் புடிச்சு ஏறினேன். பழைய வீடுங்களோட உச்சியில ஒரு கட்டையும் கொக்கியும் நீட்டிக்கிட்டு இருக்கும், கட்டில் பீரோவெல்லாம் அதுல கயிறு போட்டு ஜன்னல் வழியாத்தான் ஏத்துவாங்களாம், படியில போகாது. தெனம் நாலு தடவ ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு, கையில காய்கறிப் பையோட, மழையில நனைஞ்ச ஷூவோட இதுல ஏறி எறங்குறத நெனச்சுப் பாத்தேன். வீடு நெஜமாவே அழகா இருந்துச்சு, பெரிய ஜன்னல், மரத்தரை. எங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம், பின்னாடி நாலு குடும்பம் கியூவுல நின்னாங்க. கீழ் வீட்டுல வயசானவர் இருக்கார், சின்னப் பசங்க ஓடினா சத்தம் வரும், ஓனர் யோசிப்பார்னு ஏஜென்ட் சிரிச்ச முகத்தோடவே சொன்னார். பாப்பாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். அவ என் கையப் புடிச்சுக்கிட்டு முன்னங்கால்லயே நடக்க ஆரம்பிச்சுட்டா, வெளிய வர்ற வரைக்கும் அப்படியேதான் நடந்தா. அதப் பாத்த நிமிஷமே எனக்கு அந்த வீடு வேண்டாம்னு ஆயிருச்சு.

ரெண்டாவது வீட்டுல ஒரு ஆள மட்டும்தான் பதிய முடியும்னாங்க. நாலு பேர் குடியிருக்கப் போற வீட்டுல ஒருத்தர மட்டும் பதிஞ்சா பசங்களுக்கு ஸ்கூல் எப்படி, இன்ஷூரன்ஸ் எப்படி? அது தெரிஞ்சே நம்மள வரச் சொல்லி பாதி நாள வீணாக்குறாங்களேன்னு கோவம் வந்துச்சு.

வாடகை வீடு இவ்வளவு கம்மியா இருக்கிறதுக்கு ஒரு காரணம் 2024 ஜூலையில வந்த சட்டம். நடுத்தர வாடகை வீடுகளுக்கும் அளவு, வசதியெல்லாம் பாத்து பாயின்ட் போட்டு, அந்தக் கணக்குல உச்ச வாடகை வச்சுட்டாங்க, அதனால நிறைய ஓனருங்க வாடகைக்கு விடுறத விட்டு வித்துக்கிட்டு இருக்காங்க. அதே மாசம் இன்னொரு சட்டமும் வந்திருக்கு, பொதுவா இப்ப கால வரம்பு இல்லாத ஒப்பந்தம்தான் போடணும், அது நமக்கு நல்லது. அட்வான்ஸும் 2023 ஜூலைக்கு அப்புறம் ரெண்டு மாச வாடகைக்கு மேல கேக்கக்கூடாது. நம்ம பக்கம் பத்து மாச அட்வான்ஸ் குடுத்துப் பழகினவங்களுக்கு இது பெரிய ஆறுதல், ஆனா சம்பளம் வாடகையப் போல மூணு மடங்கு, சில எடத்துல நாலு மடங்கு இருக்கணும்னு கேக்குறாங்க.

சார்ஃபாட்டிபார்க்ல உக்காந்து ரொட்டி சாப்பிட்டோம். இந்த டெ பைப் தெருவுங்களப் பத்தி நான் முன்னாடியே படிச்சிருந்தேன். 1971ல நெதர்லாந்துல ரோட்டு விபத்துல மூவாயிரத்துக்கும் மேல செத்திருக்காங்க, அதுல நானூறுக்கும் மேல கொழந்தைங்க. பெத்தவங்க தெருவுல எறங்கினாங்க, இந்த ஏரியா ஸ்கூல் பசங்களே 1972ல எங்களுக்கு விளையாட எடம் வேணும்னு ரோட்ட மறிச்சிருக்காங்க. இப்ப ஆறு வயசுப் புள்ள ஹெல்மெட் இல்லாம தனியா சைக்கிள்ல போறத நாம வாயப் பொளந்து பாக்குறோமே, அதுக்குப் பின்னாடி அந்தப் பசங்களும் இருக்காங்க. பாப்பாவுக்கு இதச் சொன்னேன், நானூறுன்னா எங்க ஸ்கூல் அசெம்பிளியில நிக்கிற அவ்வளவு பேரான்னு கேட்டா. ஆமான்னேன்.

நாள் 4, செவ்வாய்

காலையில ஐபர்க். ஆம்ஸ்டர்டாமுக்குக் கெழக்க ஏரியில மண்ண கொட்டி உண்டாக்கின தீவுங்க, 2002ல இருந்துதான் ஆளுங்க குடி வந்திருக்காங்க, சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து 26ஆம் நம்பர் டிராம். ஊரு முழுக்க சின்னப் பசங்க வச்சிருக்கிற குடும்பம், அகலமான நடைபாதை, ஸ்கூல், ஒரு மணல் கரை, முன்னாடி பெட்டி வச்ச சைக்கிள்ல மூணு புள்ளைங்கள ஏத்திக்கிட்டு அம்மாங்க அப்பாங்க போய்க்கிட்டே இருக்காங்க. அவருக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. பாத்த வீட்டுல லிஃப்ட் இருந்துச்சு, ரெண்டு பெட்ரூம், பால்கனியில நின்னா தண்ணி.

எனக்கு அந்தத் தண்ணிதான். வாசல்ல இருந்து பத்தடி, கருங்கல் வெளிம்பு, அதுக்கப்புறம் தண்ணி, கைப்பிடின்னு ஒண்ணுமே கெடையாது. நம்ம ஊர்ல கெணத்துக்குக்கூட இடுப்பளவு சுவரு இருக்கும். அங்க நின்ன ஒரு அம்மாகிட்ட நேராவே கேட்டேன், உங்களுக்குப் பயமா இல்லையான்னு. அவங்க என் கேள்விய லேசா எடுத்துக்கல. இங்க எல்லா ஏரியாவுலயும் தண்ணி இருக்கு, அதனால வேலி கட்டுறதுக்குப் பதிலா பசங்களுக்கு நீச்சல் கத்துக் குடுக்குறோம், நாலரை அஞ்சு வயசுல ஆரம்பிச்சு ஏ, பி, சின்னு மூணு டிப்ளமா, பரீட்சையில சட்டை பேன்ட் ஷூவோட குதிச்சு நீந்திக் காட்டணும்னு சொன்னாங்க. ஏன்னா தவறி விழுற புள்ள நீச்சல் உடையில விழாது. நீச்சல் கிளாஸுக்கு வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும், வந்த உடனே பேரக் குடுங்கன்னும் சொன்னாங்க. அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கேன். ஆனாலும் தம்பிக்கு இன்னும் நாலுகூட ஆகல, அவன் ஓடுற ஓட்டத்துக்கு ஒரு வருஷம் நான் வாசக்கதவ பூட்டியே வைக்கணும். வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் டிராம்ல கொஞ்ச நேரம் பேசாம வந்தார், அப்புறம் அவரே ஷீட்ல அந்த வரிய அழிச்சார்.

சாயங்காலம் நடந்ததத்தான் எழுதணும்னு காலையில இருந்து... இல்ல, காலையில எனக்கு அது தெரியவே தெரியாது. அக்கா போன் பண்ணி, "இன்னைக்கு நவம்பர் பதினொண்ணு, சிந்த் மார்ட்டன், பசங்களோட விளக்குத் திருநாள், அஞ்சரைக்குள்ள பசங்களக் கூட்டிக்கிட்டு வந்துரு"ன்னாங்க. போனா, ஒவ்வொரு வீட்டுல இருந்தும் பசங்க கையில காகித விளக்கோட வெளிய வர்றாங்க. ஒரு குச்சி, அதோட நுனியில சின்ன பல்பு, அதுமேல அவங்களே ஸ்கூல்ல ஒட்டின காகிதக் கூண்டு, மீன், நிலா, ஆந்தைன்னு. அஞ்சாறு பேரா சேந்துக்கிட்டு வீடு வீடாப் போறாங்க, மணி அடிக்கிறாங்க, கதவு தொறந்ததும் பாட்டு பாடுறாங்க, வீட்டுக்காரங்க முழுப் பாட்டையும் நின்னு கேட்டுட்டு ஆளுக்கு ஒரு மிட்டாய் குடுக்குறாங்க. நாட்டுல எல்லா ஊர்லயும் இது கெடையாதாம், இந்த வடக்கு ஹாலந்துப் பக்கம் ஜாஸ்தியாம்.

அக்கா ரெண்டு விளக்கு எடுத்து வச்சிருந்தாங்க, அவங்க பசங்க முந்தி பண்ணினது. பாப்பா மொத மூணு வீட்டுல எனக்குப் பின்னாடியே நின்னா. நாலாவது வீட்டுல ஒரு வெள்ளக்காரப் பாட்டி, எண்பது வயசு இருக்கும், வாசல்ல நாற்காலி போட்டு கால்ல போர்வை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, மடியில ஒரு டப்பா நெறைய மிட்டாய். மத்த பசங்க பாடி முடிச்சதும் பாப்பாவப் பாத்து ஏதோ கேட்டாங்க. உனக்குத் தெரிஞ்ச பாட்ட பாடுன்னு சொல்றாங்கன்னு அக்கா சொன்னாங்க. பாப்பா என்னப் பாத்தா, அப்புறம் கார்த்திகைக்கு அத்தை சொல்லிக் குடுத்த விளக்குப் பாட்டுல ரெண்டு வரி, மெதுவா, தரையப் பாத்துக்கிட்டே பாடினா. அந்தப் பாட்டி கண்ண மூடிக் கேட்டாங்க. கேட்டுட்டு ரெண்டு மிட்டாய் குடுத்தாங்க. அதுக்கப்புறம் எல்லா வீட்டுலயும் அவதான் மொதல்ல மணி அடிச்சா.

நான் ஒரு லைட்டு கம்பத்துகிட்ட நின்னு அந்தத் தெருவப் பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சு மணிக்கு இருட்டிடுற ஊரு, குளிரு, மழையீரம், ஆனா அத்தன வாசலும் தொறந்து தொறந்து மூடுது. டச்சு வீடு, துருக்கி வீடு, நம்ம ஆளுங்க வீடு, ஒரு ஜப்பான் வீடு. ஊர விட்டு வர்றோம்னு முடிவானதுல இருந்து என் மனசுல ஒரே படம்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, இருட்டுன வீட்டுக்குள்ள நானும் பசங்களும் மட்டும் உக்காந்து அவர் வர்ற நேரத்த எண்ணிக்கிட்டு இருக்கிற மாதிரி. இன்னைக்குத்தான் அதுக்கு வேற ஒரு படம் கெடைச்சுது.

நாள் 5, புதன்

நேத்து ராத்திரி உணர்ச்சிவசப்பட்டு எழுதிட்டேன், இன்னைக்குக் கணக்குப் பாக்குற நாள். ஸ்கூல்.

இங்க புள்ளைக்கு நாலு வயசு முடிஞ்ச உடனே ஸ்கூல் போகலாம், அஞ்சு முடிஞ்சா கட்டாயம். நெறைய புள்ளைங்க பொறந்தநாளுக்கு மறுநாளே போக ஆரம்பிச்சுடுதுங்க. க்ரூப் 1ல இருந்து 8 வரைக்கும், சாதாரண டச்சு ஸ்கூலுக்கு ஃபீஸ் கெடையாது, விருப்பப்பட்டுக் குடுக்குற ஒரு சின்ன தொகை மட்டும். இன்டர்நேஷனல் ஸ்கூல்ல ரெண்டு வகை இருக்கு, முழுக்கத் தனியார்னா ஒரு புள்ளைக்கு வருஷத்துக்கு 20,000 யூரோவுக்கு மேல, அரசு மானியம் வாங்குற வகைன்னா சுமாரா 5,000, 6,000. ரெண்டு மூணு வருஷத்துல கெளம்பிடுவோம்னா அதுதான் சரி. நாங்க இருக்கணும்னு வர்றோம், அதனால டச்சு ஸ்கூல்தான்னு முன்னாடியே பேசி வச்சிருக்கோம்.

ஆம்ஸ்டர்டாம் முனிசிபாலிட்டிக்குள்ள இருந்தா வீட்டுல இருந்து நடக்குற தூரத்த அளந்து பக்கத்து எட்டு ஸ்கூலுக்கு முன்னுரிமை உண்டு, அதாவது அட்ரஸ்தான் ஸ்கூல தீர்மானிக்குது. ஆம்ஸ்டல்வேன் தனி முனிசிபாலிட்டி, அங்க நாங்க ஸ்கூல்ல நேராப் போய்க் கேட்டோம். அங்க ஒரு டீச்சரம்மா முக்கா மணி நேரம் உக்காந்து பேசினாங்க. தம்பிய மார்ச்ல நேரா க்ரூப் 1ல சேக்கலாம், அந்த வயசுல விளையாட்டுலயே மொழி ஒட்டிக்கும். ஆனா பாப்பாவுக்கு ஆறு ஆயிருச்சு, க்ரூப் 3ல படிக்கவும் எழுதவும் ஆரம்பிச்சுடுவாங்க, டச்சு தெரியாத புள்ளைய அதுல நேரா உக்கார வச்சா அவதான் கஷ்டப்படுவா, அதனால சுமாரா ஒரு வருஷம் புதுசா வந்த பசங்களுக்கான மொழி வகுப்பு, அது எல்லா ஸ்கூல்லயும் இருக்காது, இந்த ஸ்கூல்ல இல்ல, சைக்கிள்ல பன்னண்டு நிமிஷம் தள்ளி இன்னொரு ஸ்கூல்ல இருக்கு.

இத யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லல, அதனால சத்தமா எழுதுறேன்: ஆறு வயசும் அதுக்கு மேலயும் இருக்கிற புள்ளையோட வர்றவங்க, வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல மட்டும் பாத்துட்டு வீடு எடுக்காதீங்க. மொத வருஷம் உங்க புள்ள போகப் போறது மொழி வகுப்பு இருக்கிற ஸ்கூலுக்கு. அது எங்க இருக்குன்னு கேளுங்க, எடம் இருக்கான்னு கேளுங்க, அப்புறம் வீட்டப் பாருங்க. எங்களுக்கு ரெண்டு புள்ள, ரெண்டு ஸ்கூல், ஒரே நேரம் எட்டரை மணி. ஒருத்தர் எப்படி ரெண்டு எடத்துல நிப்பாங்க? அவர் காலையில பாப்பாவ விட்டுட்டு அப்படியே ஆபீஸ் போறதுன்னும், மத்தியானம் நான் மொதல்ல தம்பிய எடுத்துக்கிட்டு சைக்கிள்ல போய் அவளையும் எடுக்கிறதுன்னும் பேசியிருக்கோம். எனக்கு சைக்கிள் ஓட்டிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு, ரெண்டு புள்ளைங்கள வச்சு ஓட்டினதே இல்ல. ஓட்டணும்.

புதன்கிழமை நெறைய ஸ்கூல் மத்தியானத்தோட முடிஞ்சிருது. பன்னண்டே காலுக்கு வெளிய வந்தோம், வாசல் முழுக்க அம்மா அப்பா தாத்தா பாட்டி. இங்க நெறைய பேரு வாரத்துல மூணு நாலு நாள்தான் வேலைக்குப் போறாங்க, அப்பாங்களும் கூட. டீச்சர் ஒவ்வொரு புள்ளைக்கும் கை குடுத்து, யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு பாத்துட்டுத்தான் விடுறாங்க. அங்க இருந்து நாங்க ஏழெட்டுத் தெரு நடந்தோம், நாலு மணிக்குத் திரும்பவும் அதே தெருங்க, இந்தத் தடவ அவர் ஷீட்ல புதுசா ஒரு பத்தி போட்டார், அதுல வெறும் எண்ணிக்கை, வெளிய எத்தன புள்ளைங்க இருக்காங்கன்னு.

ஸ்டாட்ஸ்ஹார்ட் பக்கம், அதாவது கடைவீதியும் லைப்ரரியும் இருக்கிற நடு ஊர்ல, பெரிய ரோட்டோரத்து அடுக்குமாடி: ரெண்டு பேர். வடக்க, ஆம்ஸ்டர்டாமோட பூய்ட்டன்வெல்டர்ட் ஏரியா எல்லைப் பக்கம் நல்ல அகலமான தெரு, பச்சைப்பசேல்னு, ஆனா அந்த நேரம் காத்து அடிச்ச திசைக்கு ப்ளேன் ஒண்ணு மாத்தி ஒண்ணு தலைக்கு மேலயே எறங்கிக்கிட்டு இருந்துச்சு, தம்பிக்குக் கொண்டாட்டம், எனக்குப் பேச்சு கேக்கல: ஒருத்தரும் இல்ல. வெஸ்ட்வைக்ல நேத்து விளக்கோட போன அந்த வளைஞ்ச தெரு, மொனையில நீல போர்டு, அதுல ஒரு வீடு, ஒரு பெரியவர், பந்தோட ஒரு புள்ள படம் போட்டிருக்கு. அதுக்குப் பேரு வூன்எர்ஃப். அந்த போர்டுக்கு உள்ள தெரு முழுக்க நடக்குறவங்களுக்கும் விளையாடுறவங்களுக்கும்தான், கார் வந்தா மணிக்கு பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது. நடைபாதைன்னு தனியா மேடு இல்ல, தெரு நேராப் போகாது, நடுநடுவுல மரம். 1976லயே இதுக்கு சட்டம் போட்டிருக்காங்க. நாலே காலுக்கு அங்க பதினொரு பேரு. ஒரு பையன் தம்பிகிட்ட ஒரு குச்சிய நீட்டினான், இவன் வாங்கிக்கிட்டான், அதுக்கப்புறம் அர மணி நேரம் ரெண்டு பேரும் ஒரு குட்டையக் கலக்கிக்கிட்டு இருந்தாங்க. பேச்சே இல்ல.

அந்தத் தெருவுலயே ஒரு வீடு வாடகைக்கு இருக்கு. 85 சதுர மீட்டர், ஷீட்ல இருக்கிறதுலயே சின்னது, மாடி ரூமுக்குப் படி கொஞ்சம் செங்குத்து, கிச்சன் ரொம்பச் சின்னது, ரெண்டு பேரு சேந்து நிக்க முடியாது.

நாள் 6, வியாழன்

அல்மேரே. அவரோட ஆபீஸ்ல நாலஞ்சு பேர் அங்க இருக்காங்க, பாக்காம முடிவு பண்ணக்கூடாதுன்னு போனோம். ஸௌட்ல இருந்து ட்ரெயின்ல அர மணிக்குள்ள. 1968ல கடல்கிட்ட இருந்து மீட்ட நெலம், 1976ல மொத ஆளுங்க குடி வந்தாங்க, என்ன விடக் கொஞ்சம்தான் வயசு ஜாஸ்தி அந்த ஊருக்கு. பஸ்ஸுக்குத் தனி ரோடு, சைக்கிளுக்குத் தனி ரோடு, பெரும்பாலும் கார் ரோட்டோட ஒட்டாது. அதே வாடகைக்கு இன்னொரு ரூமும் பெரிய தோட்டமும் வருது. நல்ல ஊரு, பணம் இறுக்கமா இருக்கிறவங்க கண்டிப்பா பாக்கணும். எங்களுக்கு ஒத்து வராததுக்கு ஒரே காரணம், ட்ரெயின் நின்னுபோற நாள்ல அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா மொழி தெரியாத ஊர்ல நான் ரெண்டு ஸ்கூலுக்கும் தனியா ஓடணும். பக்கத்துல தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருக்கணும், மொத வருஷமாவது.

பாப்பாவுக்கு லேசா சளி. சீக்கிரம் திரும்பிட்டோம்.

நாள் 7, வெள்ளி

ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம். அவருக்கு ஸ்டாட்ஸ்ஹார்ட் அடுக்குமாடி மேலதான் கண்ணு, 110 சதுர மீட்டர், புதுக் கிச்சன், லிஃப்ட், இந்தியக் கடைக்கு நடந்தே போகலாம், அத்தையும் மாமாவும் வந்தா தங்க ஒரு ரூம். அது நியாயமான பேச்சு, நான் மறுக்கல, மாமாவுக்கு மூட்டுவலி, அந்தச் சின்ன வீட்டுப் படி அவருக்கு ஆகாது. ஆனா அவங்க வந்தா வருஷத்துல ரெண்டு மாசம். மிச்சம் பத்து மாசம்? நான் சொன்னேன், "ஏங்க, நீங்க ஆபீஸ்ல பத்து பேரோட இருப்பீங்க. எனக்கும் தம்பிக்கும் அந்தத் தெருதாங்க ஆபீஸ், ஸ்கூல் எல்லாம்." அவர் அந்தப் புதுப் பத்திய திரும்ப ஒரு தடவ பாத்தார், ரெண்டு, பூஜ்யம், பதினொண்ணு. மாமாவுக்குக் கீழ ஹால்லயே ஒரு சோஃபா கட்டில் போட்டுக்கலாம்னார்.

நம்ம ஆளுங்க நெறைய இருக்கிற எடமாச்சே, அக்கா சொன்ன மாதிரியே ஆயிடுமோன்னும் யோசிச்சேன். அந்தத் தெருவுல நம்ம வீடு மூணோ நாலோதான். பெருங்காயத்துக்கும் கறிவேப்பிலைக்கும் ஓடிப் போய்க் கேக்க ஆளு இருக்கு, ஆனா தெருவுக்குள்ள டச்சு இல்லாம பொழப்பு ஓடாது. வடக்குக் கோடியில டென் ஹெல்டர்ல ஈழத் தமிழருங்க கட்டின வரதராஜ செல்வவிநாயகர் கோயில் இருக்காம், ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்னு அக்கா சொல்லியிருக்காங்க. டச்சு கிளாஸுக்கு ஜனவரிக்கே பேரு குடுத்துட்டேன்.

காலையில ரெண்டு ஹவுஸ்ஆர்ட்ஸ்க்கு போன் போட்டோம். ஒருத்தர் ஃபுல்லுன்னாங்க, இன்னொருத்தர் பின்கோடு கேட்டுட்டு, அந்த அட்ரஸ்ல பதிஞ்சதும் வாங்க சேத்துக்குறோம்னாங்க. மொழி வகுப்புக்கும் மெயில் போட்டாச்சு. மத்தியானம் வீட்டுக்கு அப்ளை பண்ணினோம்: வேலைக் கடிதம், பாஸ்போர்ட் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், அதோட எங்களப் பத்தி நாங்களே எழுதின ஒரு பக்கக் கடிதம். இங்க அப்படி எழுதி அனுப்புற பழக்கம் இருக்குன்னு அக்கா சொன்னாங்க. நாங்க யாரு, ஏன் வர்றோம், ஏன் அந்தத் தெருன்னு நான் தமிழ்ல சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷ்ல எழுதினார், அக்கா அத டச்சுல மாத்திக் குடுத்தாங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தப் பத்தியும், நாற்காலியில உக்காந்திருந்த பாட்டியப் பத்தியும் அதுல எழுதியிருக்கோம். அந்த வீடு பாட்டி வீட்டுல இருந்து ஆறு வீடு தள்ளி, பாப்பா எண்ணி வச்சிருக்கா.

திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்னு ஏஜென்ட் சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலையில ஃப்ளைட்.